கத்திமுனைப் பாதையும் திரும்பி வரும் தைரியமும்



நம்மில் பலரிடம் ஒரு டி-சட்டை இருக்கும். முன்பக்கம் தலைப்பாகையுடன் சுவாமி விவேகானந்தர். முதுகில், இலக்கை எட்டும்வரை நிற்கக்கூடாது என்ற பொருளில் ஒரு வாசகம். முகாமுக்கு முகாம் சட்டையின் நிறம்தான் மாறும், வாசகம் மாறாது.

அந்த வாசகத்தின் வேர் கடோபநிஷத்தில் இருக்கிறது. முதல் அத்தியாயம், மூன்றாம் வல்லி, பதினான்காவது மந்திரம். மந்திரத்தை முழுசாக எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். எழச் சொல்கிறது, விழிக்கச் சொல்கிறது. அடுத்து, அறிந்த பெரியோரிடம் போய்க் கற்றுக்கொள்ளச் சொல்கிறது. ஏன் அவர்களிடம் போகணும்? காரணம் மந்திரத்தின் இரண்டாம் பாதியில் வருகிறது. இந்தப் பாதை தீட்டிய சவரக்கத்தியின் விளிம்பு மாதிரி, கடப்பதற்கு அரியது என்கிறார்கள் ஞானிகள். நிற்காதே என்பது சுவாமிஜி தம் காலத்து மக்களுக்காக அதை விரித்துச் சொன்னது. அடிமைப்பட்டுத் தூங்கிக் கிடந்த ஒரு நாட்டை எழுப்ப அப்படித்தான் சொல்ல முடியும். ஆனால் நம்ம தலைமுறை சட்டை அடிக்கும்போது முதல் பாதியோடு நிறுத்திவிட்டது. கத்தியும் இல்லை, கற்றுக்கொடுக்கும் பெரியோரும் இல்லை. வெறும் 'போ போ' மட்டும்தான் மிச்சம்.

சத்சங்கத்தில் இந்தக் கத்தி உவமை வரும்போது நாம் தலையாட்டுவோம், முடிந்ததும் வடை சாப்பிடப் போயிடுவோம். உண்மையிலேயே அப்படிப்பட்ட பாதைகளில் மனிதர்கள் நடக்கிறார்கள். அங்கே உடம்புக்கும் புத்திக்கும் என்ன ஆகிறது என்று பார்த்தால் மந்திரம் இன்னும் கொஞ்சம் விளங்கும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் அப்பலேச்சியன் நெடும்பாதை என்று ஒன்று உண்டு. தெற்கே ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. சுமார் 3,500 கிலோமீட்டர். 1921-இல் எழுத்தில் வந்த ஒரு யோசனை, 1937-இல் முழுப் பாதையானது. ஒரே மூச்சில் நடப்பவர்களுக்கு ஐந்து, ஆறு மாதம் பிடிக்கும். அதில் பெரும்பகுதி காடு. ரெண்டு பக்கமும் மரம், தலைக்கு மேலேயும் மரம். அப்படியே நடந்து பழகியவன் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் வைட் மவுண்டன்ஸ் மலைத்தொடருக்கு வந்ததும், ஒரு நாள் திடீரென்று கூரை இல்லாத இடத்தில் நிற்கிறான். அந்த இடங்களில் ஒன்றுதான் பிராங்கோனியா முகடு.

லிட்டில் ஹேஸ்டாக், லிங்கன், லஃபாயெட் என்று மூன்று உச்சிகள். அவற்றை இணைக்கும் முகட்டில் சுமார் 2.7 கிலோமீட்டர் தூரம் மரமே கிடையாது. சில இடங்களில் பாதை ஒடுங்கி, இந்தப் பக்கமும் சரிவு, அந்தப் பக்கமும் சரிவு. மிக உயர்ந்த லஃபாயெட்டே 1,600 மீட்டர்தான். 'அவ்வளவுதானா?' என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. கேமரன் மலையில் பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டருக்கு மேல். அங்கே நாம் காரிலேயே போய், படம் எடுத்து, இறங்கி வந்து ஸ்ட்ராபெரி சாப்பிடுகிறோம். கினபாலுவில் 3,000 மீட்டர் தாண்டியும் மரம் நிற்கிறது. பிராங்கோனியா அப்படி இல்லை. பூமத்திய ரேகையிலிருந்து வெகு தூரம் வடக்கே, காற்று நேராக வந்து மோதும் இடத்தில் அது இருக்கிறது. ஏற ஏற மரங்கள் இடுப்பளவாகி, முழங்காலளவாகி, கடைசியில் பாறையோடு ஒட்டிப் படுத்துவிடும். மரமே குனிந்து கும்பிடு போடும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொறியியல் படிக்கிறவன் என்பதால் ஒரு கணக்கு மட்டும் சொல்லிக்கொள்கிறேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் தொப்பி பறக்கும். 80 ஆனால் கால் தடுமாறும். அதே முகாமையான மலைத்தொடரில் இருக்கும் வாஷிங்டன் மலையின் உச்சியில், 1934 ஏப்ரல் 12 அன்று, அங்கே இருந்த வானிலை நிலையத்தார் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்றைப் பதிவு செய்தார்கள். அறுபது வருஷத்துக்கும் மேலாக அதுதான் உலக சாதனையாக இருந்தது. அந்த வாஷிங்டன் மலையையும் சுற்றியுள்ள சிகரங்களையும் ஏறப் போய் 1849-லிருந்து 150-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். இமயமலை உயரத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லாத மலை அது.

அங்கே போகும் பாதைகளில், மரங்கள் முடியும் இடத்தில், ஒரு மஞ்சள் பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் நாட்டிலேயே மிக மோசமான வானிலை, கோடையில்கூடப் பலர் குளிரில் இறந்திருக்கிறார்கள், வானிலை கெட்டிருந்தால் இப்போதே திரும்பிப் போ என்ற பொருளில் எழுதியிருக்கும். வாழ்த்து, வரவேற்பு ஒன்றும் கிடையாது. அறிந்தவர்களிடம் கற்றுக்கொள் என்ற உபநிஷத்தின் கட்டளைக்கு இதைவிட நேரான உரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பலகை மட்டும் இல்லை. மேலே மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. அதற்காகக் கற்களை அடுக்கிச் சின்னச் சின்னக் குவியலாக வைத்திருக்கிறார்கள். ஒன்றைத் தொட்டு நின்று அடுத்தது தெரிகிறதா என்று பார்த்துத்தான் நகரணும். பாதையின் ரெண்டு பக்கமும் தாழ்வாகக் கல்வரிசை போட்டிருப்பார்கள். அது நடக்கிறவனுக்காக மட்டும் இல்லை, செடிக்காகவும். ராபின்ஸ் சின்க்ஃபாயில் என்று விரல் நுனி அளவு மஞ்சள் பூ பூக்கும் ஒரு சிறு செடி, உலகத்திலேயே இந்த மலைகளில் மட்டும்தான் வளர்கிறது. பூட்ஸ் கால்கள் மிதித்தே அது அழியும் நிலைக்குப் போனது. வாஷிங்டன் மலைப்பக்கம் பாதையையே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். மெல்ல மெல்லத் தேறி, 2002-இல் ஆபத்தான இனங்களின் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. குறுகலான பாதையில் கவனமாக அடி வைப்பதால் பிழைக்கிறது நாம் மட்டும் இல்லை.

இப்போது கடோபநிஷத்துக்கே வருவோம். அந்தக் கத்தி மந்திரம் வருகிற அதே மூன்றாம் வல்லியில், அதற்குச் சில மந்திரங்கள் முன்னால், ரத உவமை வருகிறது. நம்ம தேவார வகுப்பிலேயே கேட்டிருப்பீங்க. உடம்பு ரதம், ஆத்மா அதில் அமர்ந்திருப்பவன், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். முகட்டில் நடக்கும்போது பெரும்பாலானவர்கள் பயப்படுவது ரதம் உடைவதைப் பற்றித்தான். வழுக்கி விழுந்துடுவோமோ, கால் முறியுமோ. ஆனால் குளிரும் காற்றும் ஈரமும் சேர்ந்தால் முதலில் அடிபடுவது சாரதி.

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதை மருத்துவத்தில் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். உறைபனி வேண்டும் என்றில்லை. பத்து டிகிரியில், நனைந்த பருத்திச் சட்டையோடு, காற்றில் நின்றால் போதும். முதலில் நடுக்கம். அப்புறம் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது, பேச்சு குழறும், கால் இடறும். அதோடு முடிவெடுக்கும் திறன் மங்கிவிடும். இதில் கொடுமை என்னன்னா, புத்தி மங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியதும் அதே புத்திதான். 'நான் நல்லாத்தான் இருக்கேன், வாங்க போகலாம்' என்று அவனே சொல்லுவான். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் ஒரு சங்கிலி சொல்கிறார்: ஒன்றையே நினைத்திருப்பதால் பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், அதிலிருந்து மயக்கம், நினைவு தவறுதல், கடைசியில் புத்தி நாசம். மலை உச்சியையே நினைத்துக்கொண்டு ஏறுகிறவனிடம் இந்தச் சங்கிலி குளிருக்கு முன்னாலேயே வேலையைத் தொடங்கியிருக்கும். குளிர் வந்து மிச்சத்தை முடிக்கிறது.

போன வருஷம் மாணவர் பரிமாற்றத்தில் ஒரு செமஸ்டர் அந்தப் பக்கம் படித்தேன். செப்டம்பர் கடைசியில் நாங்கள் நாலு பேர், எல்லாரும் மலேசியர்கள், பிராங்கோனியாவுக்குப் போனோம். எங்களில் மூத்தவர் முனைவர் பட்டம் படிக்கிற ஒரு அக்கா. முந்தின நாள் ராத்திரி, சமைத்துக்கொண்டே, அவர் ரெண்டு விஷயத்தைத் தீர்மானித்துவிட்டார். பகல் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் நின்று பேசணும். நாலு பேரில் ஒருத்தர் வேண்டாம் என்றாலும் திரும்பணும், காரணம் கேட்கக்கூடாது. எங்களுக்கு அது கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது.

அருவிகள் வழியாக ஏறும் பாதையில் ஐந்து கிலோமீட்டர் ஏறி லிட்டில் ஹேஸ்டாக் உச்சிக்கு வந்தோம். மரம் முடிந்த இடத்தில் காற்று அறைந்தது. மேற்கே மேகம் கறுத்து வந்தது. லிங்கன் பாதி தெரிந்தது, லஃபாயெட் தெரியவே இல்லை. ஈப்போக்கார நண்பன், "மச்சான், இன்னும் 2.7 கிலோமீட்டர்தாண்டா, பத்துமலையை நாலு தடவை சுத்தின மாதிரி" என்றான். அக்கா வானத்தைப் பார்க்கவில்லை, எங்கள் கைகளைப் பார்த்தார். "எல்லாரும் ஜாக்கெட் ஸிப்பை ஒரு தடவை கழட்டிப் போடுங்க" என்றார். மூணு பேர் போட்டோம். நாலாவது ஆள், எங்க ஜூனியர் தங்கச்சி, ரெண்டு தடவை முயன்றும் அவளால் ஸிப்பைப் பிடிக்க முடியவில்லை. "ஒண்ணும் இல்லக்கா, லேசா மரத்துப் போச்சு" என்றாள். "சரி, இறங்குவோம்" என்றார் அக்கா. அவ்வளவுதான் பேச்சு.

இப்படிப்பட்ட கதைகளில் அடுத்து என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். பெரும் புயல் அடித்திருக்கும், நாங்கள் மயிரிழையில் தப்பியிருப்போம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மூணு மணி நேரம் கழித்துக் கீழே கார் நிறுத்தும் இடத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால் மேகம் கலைந்து, முகடு முழுசும் வெயிலில் நிற்கிறது. லஃபாயெட்டில் ஆள் நடப்பதுகூடத் தெரியும் போல இருந்தது. ஈப்போ நண்பன் ரெண்டு நாள் அக்காவிடம் சரியாகப் பேசவில்லை.

எனக்கு இந்தச் சொற்பொழிவே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அக்கா எடுத்த முடிவு சரியா தப்பா? வெயில் வந்ததால் தப்பு என்றால், புயல் வந்திருந்தால் சரி என்றாகும். அப்போது சரி தப்பைத் தீர்மானிப்பது வானம், நாம் இல்லை. செயலில்தான் உனக்கு அதிகாரம், பலனில் இல்லை என்ற கீதையின் போதனையைப் பரீட்சைக்கு முன்னால் நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம், மார்க்கு குறைந்தால் ஆறுதலுக்கு உதவும் என்று. அது அதைவிடக் கறாரான போதனை. ஒரு மணிக்கு, அந்தக் கறுத்த மேகத்தையும் அந்த மரத்துப்போன விரலையும் வைத்துக்கொண்டு என்ன செய்யணுமோ அதைச் செய்வது. அப்புறம் வெயில் வந்து நம்மைப் பார்த்துச் சிரித்தாலும் அந்த முடிவுக்காக வருத்தப்படாமல் இருப்பது. உச்சியைத் தொட்டவன் தன் பலனைத் துறந்ததாகச் சொல்வது சுலபம். தொடாமல் வந்து, அது தொட்டிருக்கக்கூடியது என்றும் தெரிந்து, அப்புறமும் தூங்குகிறவனைத்தான் நான் கர்மயோகி என்பேன். அக்கா அன்று ராத்திரி நல்லாத் தூங்கினார். குறட்டைச் சத்தம் பக்கத்து அறைவரை கேட்டது.

அந்த நெடும்பாதையின் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. எம்மா கேட்வுட் என்ற ஓஹையோ மாநிலத்துப் பாட்டி. 11 பிள்ளைகள் பெற்றவர். 1954-இல் தனியாகக் கட்டாடினிலிருந்து நடக்கத் தொடங்கி, காட்டில் வழி தவறி, மூக்குக்கண்ணாடியும் உடைந்து போனது. வனக்காவலர்கள் கண்டுபிடித்து, வீட்டுக்குப் போங்கம்மா என்றார்கள். போனார். மறுவருஷம், 67 வயதில், தானே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டி, சாதாரண கேன்வாஸ் காலணி போட்டு, இந்த முறை ஜார்ஜியாவிலிருந்து தொடங்கி முழுப் பாதையையும் நடந்து முடித்தார். ஒரே பருவத்தில் தனியாக அதை முடித்த முதல் பெண் அவர். பேப்பரிலெல்லாம் 1955-ஐத்தான் கொண்டாடினார்கள். 1954-இல் திரும்பிப் போகச் சம்மதிக்காமல் இருந்திருந்தால் 1955 என்ற ஒன்று இருந்திருக்குமா என்று யோசிச்சுப் பாருங்க.

நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். நம்ம இதிகாசத்தில் மலைமேல் போனவர்கள் திரும்பினார்களா? மகாபாரதத்தின் கடைசியில் பாண்டவர் ஐவரும் திரௌபதியும் ஒரு நாயும் இமயத்தைக் கடந்து போகிறார்கள். திரௌபதி விழுகிறாள், சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என்று ஒவ்வொருவராக விழுகிறார்கள். தருமர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். நியாயமான கேள்விதான், எனக்கும் ரொம்ப நாளாக உறுத்தியது. ஆனால் அது அரசையும் வாழ்வையும் துறந்து, திரும்பாமல் போவதற்கென்றே போன பயணம். நம்மைப் போல் திங்கட்கிழமை லேப் வகுப்பு வைத்துக்கொண்டு அவர்கள் போகவில்லை. அந்தத் தருமரேகூட, இந்திரன் ரதத்தோடு வந்து நிற்கும்போது, நாயை விட்டுவிட்டு ஏறமாட்டேன் என்று மறுக்கிறார். சொர்க்கம் ஒரு எட்டு தூரத்தில் இருக்கிறது. கூட வந்த ஒரு வாயில்லா ஜீவனுக்காக அதை வேண்டாம் என்கிறார். நாயாக வந்தது தர்மதேவதை என்பது அதற்கு அப்புறம்தான் அவருக்குத் தெரியும். மேலே போன பிறகும், தம்பிமார் நரகத்தில் இருப்பதாகக் கண்டதும், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்கிறார். அப்படிப்பட்டவர் ஸிப் போட முடியாத ஒரு தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு 2.7 கிலோமீட்டர் நடந்திருப்பாரா?

இதை அமெரிக்க மலைக்கதை என்று தள்ளிவிடாதீர்கள். மெலாவாத்தி பக்கத்தில் நம்ம புக்கிட் தாபூர் இருக்கிறது. கிள்ளான் கேட்ஸ் அணைக்கு மேலே நீண்டு கிடக்கும் படிகப்பாறை முகடு, உயரம் கொஞ்சம்தான், ஆனால் விழுந்து உயிர் போனவர்கள் உண்டு. மழை பெய்த மறுநாள் காலையிலேயே அங்கே போய், பாறை விளிம்பில் நின்று செல்ஃபி எடுத்து, கீழே 'நிற்காதே' வாசகத்தைப் போடுகிற நம்ம பையன்களின் பதிவுகளைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. சுவாமிஜி பெயரை அதில் இழுக்காமலாவது இருக்கலாம்.

மலைக்கு வெளியேயும் இதே கதைதான். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து, கடைசி வாரத்தில் காய்ச்சல் வந்தவன், 'நண்பர்கள் என்ன நினைப்பாங்க' என்று மாத்திரை போட்டுக்கொண்டு காவடி தூக்க நிற்கிறான். அண்ணே, 272 படியும் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். ஒரு குடம் பால் எடுத்தாலும், வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டாலும் வேண்டாம் என்கிற சாமி இல்லை முருகன். தனக்கு ஒத்துவராத படிப்பில் மூணு செமஸ்டர் தேய்ந்து, தூக்கம் போய், சாப்பாடு போய், அப்பாவிடம் சொல்லப் பயந்து உட்கார்ந்திருக்கிற தம்பிகளை எனக்குத் தெரியும். அவர்களிடம் நாம் கொடுப்பது என்ன? அதே டி-சட்டை. அவனுடைய ஸிப்பை ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்ல, பக்கத்தில் யாராவது இருக்கணும். நம்ம கிளைகள் இருப்பது அதுக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். நடைப்பயணம் போட்டாலும் சரி, விரதம் போட்டாலும் சரி, திரும்பும் நேரத்தையும், யார் சொன்னால் திரும்புவது என்பதையும் முந்தின ராத்திரியே, சூடான அறையில், புத்தி நல்லா இருக்கும்போதே பேசி வைத்துவிடணும். மேலே போய்ப் பேசினால் அங்கே பேசுவது ஆசையாகத்தான் இருக்கும்.

நசிகேதனை நாம் எப்போதும் பிடிவாதக்காரப் பையனாகவே சொல்கிறோம். எமன் வீட்டு வாசலில் மூன்று இரவு பட்டினியாகக் காத்திருந்தவன், பொன்னும் அரசும் நீண்ட ஆயுளும் தருகிறேன் என்றபோதும் ஆத்ம ஞானத்தை விட்டு அசையாதவன். அது உண்மைதான். ஆனால் எமன் கொடுத்த மூன்று வரங்களில் ஆத்ம ஞானம் மூன்றாவது. முதல் வரமாக அந்தப் பையன் கேட்டது வேறு. நீங்கள் என்னை விட்டு நான் வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது, என் அப்பா கவலையும் கோபமும் தீர்ந்து, என்னை அடையாளம் கண்டு, அன்போடு வரவேற்கணும் என்பதுதான். எமனும் சரி என்றான். தம் மகன் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகு அவர் இரவில் நிம்மதியாகத் தூங்குவார் என்று வாக்குக் கொடுத்தான். அது முடிவான பிறகுதான் நசிகேதன் அடுத்த கேள்விக்கே போனான்.